மாணவர்கள் வயலை அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துல்லியப் பண்ணையத்தை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தப் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. மைதானத்தில் ஒரு ட்ரோன் எழும்பும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பச்சையும் சிவப்புமாக ஒரு செயற்கைக்கோள் படம் திரையில் தெரியும். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சிவப்புக்கு என்ன பொருள், அந்த ட்ரோன் எக்டேருக்கு எத்தனை லிட்டர் தெளித்தது, அந்த அளவு சரிதானா என்பதை எப்படிச் சோதிப்பது ஆகிய கேள்விகள் எழாமலே பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். இத்துறையைக் கற்பிப்பவர்கள் என்ற முறையில், வேறு எப்படிச் செய்யலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே வயலுக்குள்ளேயே மண், ஈரம், பயிர் மூன்றும் இடத்துக்கு இடம் மாறும். அந்த மாற்றத்தை அளந்து, அந்தந்த இடத்துக்குத் தேவையான நீர், உரம், மருந்தை மட்டும் கொடுப்பதுதான் துல்லியப் பண்ணையம். அளப்பதுதான் இதன் உயிர். ஆகவே ஒரு நாள் காட்சிக்குப் பதிலாக, ஒரு பயிர்ப் பருவம் முழுக்க, ஒரு சின்ன நிலத்தை மாணவர்கள் தங்கள் கையாலேயே அளக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

ஒரு எக்டேர், அதாவது 100 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம் இருந்தால் நல்லது. அதை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 25 கட்டங்கள் வரும். கட்டத்துக்கு ஒருவர், மிஞ்சுபவர்கள் ஆய்வு மேசைக்கு என்று ஒரு வகுப்பே ஈடுபடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் 8 முதல் 10 இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்வெட்டியால் சாய்வாக இருபுறமும் வெட்டி, வெட்டுமுகத்திலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தின் மண்ணையெல்லாம் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உரமிட்ட உடனே மாதிரி எடுக்கக் கூடாது. துத்தநாக முலாம் பூசிய வாளியில் மண்ணைக் கலந்தால் நுண்ணூட்ட ஆய்வில் துத்தநாகம் இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டும். பிளாஸ்டிக் வாளியே சரி.

பிறகு 20 கிராம் மண்ணை 50 மில்லி லிட்டர் வாலை வடிநீரில் கலக்கி, அரை மணி நேரம் இடையிடையே கிளறி, மண் அமிலமா காரமா என்பதைச் சொல்லும் பி.எச். மதிப்பையும், உவர்ப்பைச் சொல்லும் மின்கடத்தும் திறனையும் அளக்கலாம். பி.எச். மானியை அன்றைய தினமே பி.எச். 4, 7 என்று மதிப்பு முன்பே தெரிந்த இரண்டு நிலைக்கரைசல்களில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த 25 எண்களுக்கும் மதிப்பில்லை. கிடைத்த எண்களைக் கட்டத்தாளில் எழுதி, மதிப்புக்கேற்ப வண்ணம் தீட்டினால் மாணவர்கள் தயாரித்த முதல் மண் வரைபடம் தயார். பார்வைக்கு ஒரே சீராகத் தெரிந்த நிலத்தில் ஒரு மூலை மட்டும் உவர்ப்பாக இருப்பது அப்போதுதான் கண்ணுக்குப் படும்.

இருப்பிடத்தைக் குறிக்க மாணவர் கையிலுள்ள கைபேசி போதும். ஆனால் அது எவ்வளவு பிழை காட்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். கைபேசியை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறிக்கச் சொல்லுங்கள். 1 மணி நேரத்தில் 60 புள்ளிகள். அட்சரேகையில் 0.00001 பாகை என்பது ஏறத்தாழ 1.1 மீட்டர், இந்தக் கணக்கை வைத்துப் புள்ளிகளைத் தாளில் இட்டால், அசையாத கைபேசி சில மீட்டர் சுற்றளவில் அலைந்திருப்பது தெரியும். சுவரோரத்திலோ மரத்தடியிலோ வைத்தால் அலைச்சல் கூடும். சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதே காரணம். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதிக்கு முன்பு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்தது, அதனால் 100 மீட்டர் வரைகூடத் தவறலாம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். 20 மீட்டர் கட்டத்தை அடையாளம் காணக் கைபேசி போதும். இரண்டு வரிசைக்கு நடுவே களையெடுக்கும் கருவியை ஓட்ட அது உதவாது. அதற்கு, தெரிந்த ஓரிடத்தில் நிலையாக ஒரு கருவியை நிறுத்தி, அது கண்டுபிடிக்கும் பிழையை நகரும் கருவிக்கு உடனுக்குடன் அனுப்பித் திருத்தும் ஆர்.டி.கே. முறை வேண்டும், அதில் பிழை 2, 3 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

அடுத்து நீர். துல்லியம் என்றால் என்ன என்பதை மிகக் குறைந்த செலவில் புரியவைக்கும் பயிற்சி சொட்டுநீர்க் குழாயில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு பகுதியில் நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள்: முதலாவது, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ளது, மூன்றில் இரண்டு பங்கில் உள்ளது, கடைசி. ஒவ்வொரு குழாயிலும் அதேபோல் நான்கு சொட்டுவான்கள், அதாவது நீர் சொட்டும் முனைகள். மொத்தம் 16. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குவளையை வைத்துச் சரியாக 3 நிமிடம் நீர் பிடிக்க வேண்டும். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் என்றால் குவளையில் 100 மில்லி லிட்டர் சேர வேண்டும். 16 அளவுகளில் மிகக் குறைந்த நான்கின் சராசரியை, மொத்தச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சீர்மை விழுக்காடு வரும். மொத்தச் சராசரி 92, குறைந்த நான்கின் சராசரி 69 என்றால் சீர்மை 75. 90க்கு மேல் இருந்தால் மிக நன்று. 80க்கு மேல் நன்று. 70க்குக் கீழே போனால் அந்தக் குழாயில் துல்லியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை உயர்ந்த உணரியையும் (சென்சாரையும்) தானியங்கி வால்வையும் பூட்டினாலும், ஒரு செடிக்கு நூறும் இன்னொன்றுக்கு ஐம்பதும்தான் போய்ச் சேரும்.

அந்த 16 எண்கள் எங்கே குறைகின்றன என்பதைப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம். குழாயின் கடைசி முனைகளில் மட்டும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை: குழாய் அளவுக்கு மேல் நீளம், அல்லது விட்டம் சிறிது, அல்லது மேட்டை நோக்கி ஓடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. எல்லாமே ஒரே சீராகக் குறைந்தால் வடிகட்டியையோ பம்பையோ பாருங்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் அரை பாருக்கு மேல் போனால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். அடைத்த சொட்டுவானை வெட்டிப் பார்த்தால் காரணமும் தெரியும். வெள்ளைப் படிவு என்றால் சுண்ணாம்பு உப்பு, அமிலம் செலுத்த வேண்டும். பச்சையாக வழுவழுப்பாக இருந்தால் பாசி, குளோரின் வேண்டும். காவி நிறச் சேறு என்றால் நீரில் இரும்பு. இங்கே ஓர் எச்சரிக்கையை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அமிலமும் குளோரினும் ஒன்றோடொன்று சேரக் கூடாது, நச்சு வாயு வெளிவரும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. செலுத்தும் வேலையைப் பயிற்சி பெற்ற பெரியவர்களே செய்யட்டும்.

மண் ஈர உணரிக்கு வருவோம். எல்லாக் கண்காட்சிகளிலும் ஒரு பூந்தொட்டியில் செருகிய உணரி ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் ஈரப்பதம் கிடையாது. மின்தேக்க வகை உணரி தருவது ஒரு மின்னழுத்தம், இ.எஸ்.பி.32 போன்ற சிறு கணினிப் பலகை அதை 0 முதல் 4095 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றுகிறது. பெரும்பாலான மலிவு உணரிகளில் ஈரம் கூடக் கூட எண் குறையும்; கருவி கெட்டுவிட்டது என்று மாணவர்கள் பதறுவார்கள். அந்த எண்ணை ஈரமாக மாற்ற, அந்த வயலின் மண்ணைக் கொண்டே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

அதற்கு உலர்த்தும் அடுப்பில் 105 பாகை செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்திச் சலித்த மண் வேண்டும். வயலில் அந்த மண்ணின் பருமன் அடர்த்தி, அதாவது இடைவெளிகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்ந்த மண்ணின் எடை, கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்றால், 1.3 கிலோவை எடுத்து 1 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியில் சரியாக 1 லிட்டர் கோடு வரை இடித்து நிரப்ப வேண்டும். உணரியைச் செருகி, எண்ணை மூன்று முறை குறிக்க வேண்டும். பிறகு மண்ணை அகலத் தட்டில் கொட்டி, 50 மில்லி லிட்டர் நீரைத் தெளித்துப் பிசறி, மீண்டும் அதே கோடு வரை நிரப்பி அளக்க வேண்டும். இப்போது ஈரம் கன அளவில் 5 விழுக்காடு. இப்படியே ஐந்தைந்தாக 30, 35 வரை போகலாம். ஏழெட்டுப் புள்ளிகளை வரைபடத்தில் இட்டால் ஒரு கோடு கிடைக்கும். அது வளைந்திருந்தால் வளைந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும், நேராக்க முயலக் கூடாது. மணற்பாங்கான மண்ணுக்கு ஒரு கோடு, களிமண்ணுக்கு வேறொரு கோடு. உலோகப் பாத்திரத்தைப் பயன்படுத்தினால் எண்கள் பிறழும்.

வயலில் புதைக்கும்போது நடக்கும் தவறுகள் இன்னும் பல. உணரிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால் ஈர மண்ணிலும் வறட்சி காட்டும். அதே மண்ணைக் குழைத்துக் குழியில் ஊற்றிச் செருகினால் இது தீரும். உவர் மண்ணில் ஈரத்தை மிகுத்துக் காட்டும். உணரிப் பலகையின் வெட்டு விளிம்பு வழியாக நீர் உறிஞ்சி ஊதிப்போகும். எபாக்சி பசை பூசினால் நெடுநாள் உழைக்கும். இரண்டு ஆணி போன்ற மின்தடை வகை உணரிக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் சில வாரங்களில் அரித்துவிடும். அளக்கும் நொடியில் மட்டும் கொடுக்க வேண்டும். இ.எஸ்.பி.32 பலகையின் இரண்டாம் தொகுதி உள்ளீட்டு முனைகள் வைஃபை இயங்கும்போது அளவு தராது. முதல் தொகுதியில் இணைக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தால் நாள் கணக்கில் குழம்பி நிற்கும் குழுக்கள் உண்டு.

மின்கலக் கணக்கும் நல்ல பாடம். மணிக்கு ஒரு முறை 10 நொடி விழித்து 120 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி, ஒரு நாளில் 8 மில்லி ஆம்பியர் மணி செலவழிக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலம் 250 நாள் வரும் என்று காகிதம் சொல்லும். வயலில் அது 8 நாளில் படுத்துவிடும். காரணம், சில்லு தூங்கினாலும் பலகையிலுள்ள விளக்கும் மின்னழுத்தச் சீராக்கியும் தூங்குவதில்லை. அவை 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 240 போய்விடும். பல்மானியை (மல்டிமீட்டரை) வைத்து இதைக் கண்டுபிடிக்கிற மாணவருக்குக் கருவி வடிவமைப்பின் பாதி விளங்கிவிட்டது என்றே நினைக்கிறோம்.

செயற்கைக்கோள் படத்தை இந்த வேலைகளுக்குப் பிறகே காட்ட வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் வரிசையில் முதல் கோள் 2015லும் இரண்டாவது 2017லும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படமெடுக்கும் வகையில் அமைக்கப்பட்டவை, படங்கள் இலவசம், ஒரு படப்புள்ளி 10 மீட்டர் சதுரம். ஆக, ஒரு எக்டேரில் 100 புள்ளிகள். மாணவர் மாதிரி எடுத்த கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நான்கு. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் 8ஆம் ஒளிப்பட்டையான அண்மை அகச்சிவப்பிலிருந்து 4ஆம் ஒளிப்பட்டையான சிவப்பைக் கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு வரும். செழித்த பயிரில் அகச்சிவப்பு எதிரொளிப்பு 0.45, சிவப்பு 0.05 என்றால் குறியீடு 0.8. வெற்று மண்ணில் 0.25, 0.20 என்றால் 0.11.

குறியீடு குறைந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்பதுவரைதான் படம் சொல்லும். நீர்ப்பற்றாக்குறையா, தழைச்சத்துக் குறைவா, பூச்சியா, உவரா, விதைப்பிலேயே விட்டுப்போன இடமா என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். களையும் பச்சைதான், களை மண்டிய இடம் படத்தில் அருமையான விளைச்சல் போலத் தெரியும். மேக நிழல் விழுந்த புள்ளிகளை நீக்க மறந்தால் இல்லாத நோய் வந்ததாக வரைபடம் சொல்லும். பயிர் அடர்ந்த பிறகு குறியீடு உச்சியில் நின்றுவிடும், வேறுபாடு தெரியாது. 30 மீட்டர் அகலம்கூட இல்லாத துண்டு நிலத்தில் விளிம்புப் புள்ளிகள் எல்லாம் பக்கத்து நிலத்தையும் பாதையையும் கலந்து காட்டும். தங்கள் மண் வரைபடத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தும் இடத்துக்கும் பொருந்தாத இடத்துக்கும் மாணவர்கள் காரணம் தேடட்டும். நெல் வயலாக இருந்தால், இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் கணிக்கும் இலை வண்ண அட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். முழுதாக விரிந்த உச்சி இலைகள் பத்தை, நேர் வெயில் படாமல் உடல் நிழலில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் ஒரே ஆள் ஒப்பிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

தெளிப்பைப் பற்றிச் சுருக்கமாக: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 600ஆல் பெருக்கி, மீட்டரில் அகலத்தாலும் மணிக்குக் கிலோமீட்டரில் வேகத்தாலும் வகுத்தால் எக்டேருக்கு எத்தனை லிட்டர் என்பது வரும். ஒரு தெளிப்பு முனை நிமிடத்துக்கு 0.8 லிட்டர், முனைகளின் இடைவெளி 0.5 மீட்டர், வேகம் 6 என்றால் 160 லிட்டர். இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 4 மீட்டர் அகலத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் பறந்து எக்டேருக்கு 25 லிட்டர் தெளிக்கிற ட்ரோனுக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டம் வேண்டும். 10 லிட்டர் தொட்டி 0.4 எக்டேருக்குத்தான் வரும். நீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் உணர்தாள்களை அரை மீட்டர் இடைவெளியில் தரையில் பரப்பி, மேலே தெளித்தால் துளிகள் எங்கே அடர்ந்தன, எங்கே விட்டுப்போயின என்பது தெரியும். ஈரக்கையால் தொட்டால் தாளே நீலமாகிவிடும், இடுக்கி தேவை. புதிய முனையைவிட 10 விழுக்காடு கூடுதலாக ஊற்றும் முனை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பள்ளி மாணவர் கையில் தண்ணீர் மட்டுமே. பூச்சிமருந்து எந்த நிலையிலும் கூடாது.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது ட்ரோன் ஓட்டுநர் என்ற ஒன்றையே எல்லோரும் சொல்கிறார்கள். அது உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. பருவத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, பருவம் முடிந்தால் வேலையும் குறையும். மேலே சொன்ன ஒவ்வொரு பழுதுக்குப் பின்னாலும் ஒரு தொழில் இருக்கிறது. சொட்டுநீர் அமைப்பை வடிவமைத்துச் சோதித்துப் பராமரிக்கும் தொழில்நுட்பர், உணரிகளை அளவுத்திருத்தம் செய்பவர், மண் ஆய்வுக்கூடப் பணியாளர், செயற்கைக்கோள் படத்தை வயலோடு ஒப்பிட்டு விளக்கும் புவித்தகவல் ஆய்வாளர், அந்த விளக்கத்தை உழவருக்குப் புரியும் பரிந்துரையாக மாற்றும் பயிரியல் ஆலோசகர், பம்பு, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர். டிராக்டரும் பின்னால் பூட்டிய கருவியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 11783 என்ற பொதுத்தரம் இருக்கிறது. அந்தக் கம்பியிணைப்பையும் நீரியல் வால்வுகளையும் ஒருசேரப் புரிந்த ஆட்கள் குறைவு என்பதே எங்கள் கணிப்பு.

தரவு வேலைக்கும் ஆள் தேவை, ஆனால் கணினி மட்டும் தெரிந்தால் போதாது. அறுவடை இயந்திரத்தின் விளைச்சல் மானியை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் வெட்டப்பட்ட இடத்துக்கும், தானியம் உணரியில் வந்து மோதும் நேரத்துக்கும் இடையே பத்து நொடி அளவுக்குத் தாமதம் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் வரைபடத்தில் விளைச்சல் எல்லாம் பல மீட்டர் தள்ளி விழும். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் எண்களை நீக்க வேண்டும். வெட்டுத்தலையின் பாதி அகலத்தில் மட்டும் அறுத்த இடத்தைத் திருத்த வேண்டும். வயலில் இயந்திரம் ஓடுவதைப் பார்த்தவருக்கே இந்த எண்கள் ஏன் பொய் சொல்கின்றன என்று தோன்றும்.

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஈரத்தை வைத்து நீரும், வரைபடத்தை வைத்து உரமும் கொடுக்கிற நிலத்தில் ஒரு பட்டையை மட்டும் வழக்கமான முறையிலேயே விட்டுவையுங்கள்; அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். அந்தப் பட்டை இல்லாவிட்டால், புதிய முறையால் நன்மை விளைந்ததா, மழையால் விளைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நன்மை எதுவும் இல்லை என்று எடை காட்டினால் அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். உரக் கணக்கைக் கையால் போடட்டும்: யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, எனவே 50 கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ 109 கிலோ யூரியா.

இரண்டாவது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வயல் நோட்டு. தேதி, நேரம், கட்ட எண், எந்தக் கருவி, அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, வந்த எண், சந்தேகம் எழுந்தால் அதன் காரணம். எண்ணை அடித்துத் திருத்தாமல், தவறானதை ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சரியானதை எழுதப் பழக வேண்டும். இத்துறையில் வேலை தேடிப் போகும் பிள்ளை அந்த நோட்டையும் கையில் எடுத்துச் செல்லட்டும். உணரி ஏன் பொய் சொன்னது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

இப்படிக்கு,
வேளாண் பொறியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள்